அண்ணனின் கதவு

புளியங்கொம்பு முறியாது என்பார்கள். அண்ணன் கையில் பிடித்திருந்த கொம்பு முறியவில்லைதான். கால் வைத்திருந்த கிளை பட்டுப் போயிருந்தது. மேலே புல்லுருவி பச்சையாகப் படர்ந்து கிடந்ததால் உயிருள்ள கிளை மாதிரித் தெரிந்திருக்கிறது. சடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருபது அடி இருக்கும். உட்கார்ந்த வாக்கில் வந்து தரையில் மோதினார்.

அது 2010 மாசி. எங்கள் ஊர் ஒடுகத்தூருக்குப் பக்கத்தில். வேலூர் மாவட்டம் என்று நாங்கள் எழுதுகிறோம். அம்மாவைக் கேட்டால் இன்னமும் ‘வடாற்காடு ஜில்லா’தான். தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் எங்கள் பக்கம் புளி உலுக்கும் காலம். சாலையோரத்து மரங்களை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் பதினோரு மரம் அண்ணன் எடுத்திருந்தார். ஆள் கூலி மிச்சமாகுமே என்று அவரே ஏறினார். நான் அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே படுதா விரித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

விழுந்தவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "என் காலு இருக்குதா பாருடா. எங்க கீதுன்னே தெரியல" என்றார்.

அதற்கடுத்த அரை மணி நேரத்தைத்தான் நான் பதின்மூன்று வருஷம் சுமந்தேன். மாமா அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். நான் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். நடுவில் இடுப்பு தூளி மாதிரி தொங்கியது. வந்த ஷேர் ஆட்டோவில் படுக்க வைக்க இடமில்லை. முட்டியை மடக்கி உட்கார வைத்து, சாயாமல் இருக்க நான் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஒருத்தர் கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் போனோம். தமிழ்நாட்டில் 108 வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கையில் போனும் இருந்தது. ஒருத்தருக்கும் அந்த எண் ஞாபகம் வரவில்லை.

முதுகெலும்பில் அடி என்று சந்தேகம் இருந்தால், அதாவது உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டியில் தூக்கி எறியப்பட்டவர், கால் கை மரத்துப் போச்சு என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவரைத் தூக்கக் கூடாது. நெருப்பு, தண்ணீர், மேலே வண்டி வருகிற இடம் என்று உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, கிடந்த இடத்திலேயே கிடக்க விட்டு 108 கூப்பிடணும். உட்கார வைக்கக் கூடாது, தண்ணீர் சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. நகர்த்தியே தீரணும் என்றால் நாலைந்து பேர் வேண்டும். ஒருத்தர் தலையையும் கழுத்தையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு எண்ணணும். அவர் எண்ணுகிற கணக்குக்கு மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், வெட்டிப் போட்ட மரத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டி, தட்டையான பலகையில் ஏற்றணும். நடுவில் வளையவே கூடாது. இது எனக்கு மூணு மாதம் கழித்துத் தெரிந்தது.

முதுகெலும்பில் டி 12 என்கிற எலும்பு, நெஞ்சுப் பகுதியின் கடைசி எலும்பு, நொறுங்கி உள்ளே தண்டுவடத்தை நசுக்கிவிட்டது என்றார்கள். கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் ஆனது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. ஒருநாள் அண்ணன் தூங்குகிற நேரம் பார்த்து டாக்டரிடம் கேட்டேன்: நாங்கள் தூக்கின தூக்கில்தான் இப்படி ஆனதா? விழுந்த வேகத்திலேயே தண்டுவடம் போயிருக்கலாம், தூக்கும்போது மிச்சமும் போயிருக்கலாம், எந்த ஸ்கேனிலும் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றார். விழுந்தவுடனே கால் தெரியவில்லை என்று அவர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நினைத்துக்கொண்டேன். நான் அண்ணனிடம் அதைப் பேசத் தொடங்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாற்பது நாளில்தான் பெரிய தப்பு நடந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எங்களிடம் பாசத்துக்குக் குறைவில்லை. அசையக் கூடாது என்று அம்மா அவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காவல் இருந்தது. இலவம்பஞ்சு மெத்தை புதிதாகத் தைத்தோம். வலிக்குமே என்று யாரோ சொல்லி, மெடிக்கலில் காற்று அடைக்கிற வட்ட ட்யூப் வாங்கி இடுப்புக்குக் கீழே வைத்தோம். வலிப்பதற்கு அவருக்கு உணர்ச்சியே கிடையாது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் வேட்டி மாற்றும்போது அண்ணி பார்த்தது. வால் எலும்புக்கு மேலே அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு. புண் என்றுகூடச் சொல்ல முடியாது, தோல் கறுத்திருந்தது. நாங்கள் பவுடர் போட்டோம். நாலு நாளில் அது கழன்று விழுந்தது. உள்ளே என் கட்டைவிரல் முழுக்கப் போகிற ஆழம்.

நமக்கெல்லாம் தூக்கத்தில்கூட ஒரு பக்கம் அழுத்தினால் தானாகவே புரண்டு படுத்துவிடுகிறோம். உணர்ச்சி இல்லாத உடம்பு புரளாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளேயிருந்து அழுகிக்கொண்டு வருகிறது. வெளியே தெரிவது கடைசியில்தான். அந்த வட்ட ட்யூப் இன்னும் மோசம். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கிற தோலுக்கு வருகிற ரத்தத்தையும் தடுத்துவிடும். அதை வாங்காதீர்கள். வீட்டில் யாராவது வாங்கி வைத்திருந்தால் எடுத்துப் பரணில் போடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றணும், ராத்திரியிலும். வீல்சேரில் இருக்கும்போது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடியை அழுத்தி இடுப்பைத் தூக்கணும், முடியாதவர்கள் முன்னால் குனியணும். காலையும் ராத்திரியும் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்க்கணும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தப்பித்தீர்கள். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால், அது ஆறும் வரை அந்தப் பக்கம் பாரமே படக் கூடாது. அண்ணனிடம் ஒரு சவரக் கண்ணாடி இருந்தது, பச்சை பிளாஸ்டிக் பிரேம். அதை ஒரு பிரம்புக்குச்சியில் சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டி வைத்திருந்தார். மூஞ்சி பார்க்க வேறு கண்ணாடி வாங்கித் தந்தும், "இதுல ரெண்டு மூஞ்சியும் பாக்கலாம்" என்று அதிலேயே சவரம் செய்துகொள்வார்.

அந்தப் புண் ஆற ஏழு மாதமும் இன்னொரு ஆபரேஷனும் ஆனது.

அப்புறம்தான் பாகாயம் போனோம். வேலூர் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஊருக்குள் இருப்பதுதான். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காள மொழியில் போர்டு தொங்குகிற அளவுக்கு எங்கிருந்தோ வருகிறார்கள், நாங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு பாகாயத்தில் இப்படி ஓரிடம் இருப்பது தெரியாமல் இருந்தோம். அதைக் கட்டி எழுப்பியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு கார் விபத்தில் அவருக்கே தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயல் போனது. அதற்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் இந்த மையம் தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அண்ணன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா டாக்டரு. நான் புளி உலுக்கறவன். எனுக்கு உக்காந்த எடத்துல இன்னா வேல கீது?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது.

அங்கே சொல்லிக்கொடுத்ததில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, எல்லாம் சின்னச் சின்ன வேலை. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு எப்படி நகர்வது. மலம் போக ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, மாத்திரை வைத்து, கையுறை போட்ட விரலால் தூண்டி வெளியேற்றுவது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதைப் பழகினபிறகுதான் அண்ணன் கல்யாண வீட்டுக்கு வரச் சம்மதித்தார். அப்புறம், மெல்லிய குழாயைத் தானே விட்டு மூத்திரம் எடுப்பது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஒரு தடவைக்கு அரை லிட்டருக்கு மேல் சேர விடக் கூடாது. குழாயைக் கழுவி உலர்த்தி மூடி போட்ட டப்பாவில் வைக்கணும். அண்ணன் நைனாவின் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். மேல்தட்டில் குழாய், கீழ்த்தட்டில் சோப்பும் துணியும். ஏலத்துக்குப் போகிற இடத்தில் ஒருத்தர் ‘இன்னா சாப்பாடு?’ என்று கேட்டிருக்கிறார். ‘கொழாப் புட்டு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எங்கள் அண்ணியைப் பற்றி ஊர் ரொம்ப நல்லபடியாகப் பேசும். ‘தெய்வம்’ என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் யாரும் ஒருநாள் வந்து மாற்றிவிட வேண்டியதில்லை பாருங்கள். இருபத்தாறு வயசுப் பெண், அறுபது கிலோ ஆளை ஒருநாளைக்கு எட்டுத் தடவை தூக்கி, மூணாவது வருஷம் அதுக்கே இடுப்பு போனது. தூக்கக் கூடாது, நகர்த்தணும் என்று பாகாயத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவசரத்தில் தூக்கிவிடுவோம். பிறகு ஆசாரியிடம் சொல்லி இரண்டரை அடி நீளத்தில் ஒரு பலகை இழைத்து வாங்கினேன். ஒரு முனை கட்டிலில், ஒரு முனை வீல்சேரில். பிரேக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் அவரே கையூன்றிச் சறுக்கிப் போய்விடுவார். சிலாம்பு இல்லாமல் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, ஓரத்தை உருட்டிவிடணும், அதுதான் முக்கியம். முன்னூறு ரூபாய்ப் பலகை. மூணு வருஷம் முன்னால் செய்திருக்கலாம்.

சரிவுப் பாதையும் அப்படித்தான். எங்கள் திண்ணை இரண்டரை அடி உயரம். மேஸ்திரி ஒரே நாளில் எட்டடி நீளத்துக்குச் சிமெண்டைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஏறப் போய் அண்ணன் வீல்சேரோடு பின்பக்கம் குடை சாய்ந்தார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. இரண்டரை அடிக்கு முப்பது அடி. வாசலில் அவ்வளவு இடம் ஏது? சுவரை ஒட்டிக் கொண்டுபோய் மூலையில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பினோம். இப்போது அதில் அம்மா இறங்குகிறது.

இன்னொன்று, வெயில். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரையில் ஒருநாள் மத்தியானம் கோயில் சிமெண்ட் திட்டில் நகர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் தொடை முழுக்கக் கொப்புளம். சூடு தெரியவே இல்லை. டீ கிளாஸை மடியில் வைப்பது, பின்பாக்கெட்டில் சில்லறை வைப்பது, எல்லாமே ஆபத்துதான். செருப்பு விஷயத்தில் என் தொழில் உதவியது. உணர்ச்சியில்லாத காலுக்கு ஒரு சைஸ் பெரிது எடுக்கணும்; உட்பக்கத் தையல் மேடாக இருக்கக் கூடாது; போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கணும். ஒருமுறை அவர் ஷூவுக்குள் இருந்து ஒரு புளியங்கொட்டை எடுத்தேன். நாள் முழுக்க அதோடு இருந்திருக்கிறார்.

பணத்தைப் பற்றி. வண்டியில் அடிபட்டால் கேஸ் உண்டு, இழப்பீடு உண்டு. இப்போது சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று அரசுத் திட்டமும் 2021 முதல் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவன் யார் மேல் கேஸ் போடுவான்? ‘மரத்து மேலயா போட முடியும்’ என்று அண்ணன் சிரிப்பார். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் முன்னாலேயே பதிவு பண்ணியிருந்தால் விபத்து உதவி கேட்டிருக்கலாம். பண்ணவில்லை. விழுந்த பிறகு பண்ணிப் பிரயோஜனம் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள், மரம் ஏறுகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் முதலில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை, பராமரிப்பு உதவித்தொகை இரண்டுக்கும் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். 2023 தொடக்கத்தில் உதவித்தொகையை மாதம் 2,000 ஆக்கினார்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நாலு ஜெராக்ஸ் எடுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துச் சீல் வைத்த ரசீது வாங்குவதுதான் நான் கற்ற வித்தை.

2012இல் அண்ணன் மறுபடி ஏலத்துக்குப் போனார். வீல்சேரில். மரத்தடியில் தராசு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் பார்த்தார். எந்தக் கிளை காய்ந்தது, எது தாங்கும் என்று கீழேயிருந்தே சொல்லுவார். மேலே இருக்கிறவனைவிடக் கீழே இருக்கிறவனுக்குத்தான் கிளை நன்றாகத் தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இரண்டு சட்டம் போட்டார். இடுப்பில் கயிறு கட்டி மேல்கிளையில் முடி போடாமல் ஏறுகிறவனுக்குக் கூலி கிடையாது. இரண்டாவது, வீட்டில் கழற்றிப் போட்டிருந்த கொல்லைப்பக்கத்து ஒற்றைக் கதவு எந்த மரத்துக்குப் போனாலும் ட்ராக்டரில் வரணும்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கு என்று புரிந்தபோது சிரிப்பு நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், நான் கேட்க நினைத்ததற்கெல்லாம் அவர் சொன்ன பதில் அந்தக் கதவு.

ஆறு வருஷம் அது சும்மா போய்ச் சும்மா வந்தது. 2018இல் பக்கத்து மரத்தில் வேறு ஒருவரின் ஆள் விழுந்தான், பத்தொன்பது வயசுப் பையன். நாலு பேர் ஓடி அவன் கையைக் காலைப் பிடிக்கப் போனார்கள். அண்ணன் வீல்சேரிலிருந்து போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. "கைய எடுங்கடா! எவனும் தொடாதீங்க!" நான் தலையைப் பிடித்தேன். அவர் எண்ணினார். அஞ்சு பேர் சேர்ந்து பையனைப் புரட்டிக் கதவில் ஏற்றி, வேட்டியைக் கிழித்துக் கட்டினோம். 108 வந்து கதவோடு எடுத்துக்கொண்டு போனார்கள். இடுப்பெலும்பில் விரிசல், காலில் முறிவு. தண்டுவடத்துக்கு ஒன்றுமில்லை. எப்படியும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. கதவைத் திரும்ப வாங்க மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன்.

அண்ணன் முதுகெலும்பால் சாகவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2023 ஐப்பசியில் பள்ளிகொண்டா பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக் கக்கூஸ் கதவில் வீல்சேர் நுழையாது என்று தெரியும். அதனால் முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குழாய் போடுவதை இரண்டு வேளை தள்ளிப்போட்டார். மூணாம் நாள் குளிர் ஜுரம், கிடுகிடுவென்று நடுக்கம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காய்ச்சல் ஊசி போட்டார்கள். ‘சீசன் ஜுரம், எல்லாருக்கும் இருக்கு’ என்றார்கள். மூணு நாள் அப்படியே போனது. மூத்திரம் கலங்கி நாற்றம் வந்ததை அண்ணி சொன்னது. யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. கிட்னி இரண்டும் முன்னாலேயே சுருங்கத் தொடங்கியிருந்ததாம். வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கிட்னி ஸ்கேனும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் கொரோனா வருஷத்தில் விட்டுப் போனது, நாங்கள் திரும்பத் தொடங்கவே இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயசு.

உங்கள் வீட்டில் தண்டுவடம் அடிபட்டவர் இருந்து, அவருக்கு நடுக்கத்தோடு ஜுரம் வந்தால், முதலில் மூத்திரத்தைச் சந்தேகப்படுங்கள். மருந்து தொடங்கும் முன் மூத்திரத்தை, என்ன கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் ‘இவர் குழாய் போடுகிறவர்’ என்று நீங்களே சொல்லுங்கள். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலே கழுத்து வரையிலோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: மூத்திரப் பை நிறைந்தாலே திடீரென்று தலை பிளக்கிற வலியும் முகத்தில் வியர்வையும் வந்து பிரஷர் எகிறும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, மூத்திரத்தை வெளியேற்றணும். குறையாவிட்டால் ஆஸ்பத்திரி, தாமதிக்காமல்.

விசேஷத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் பத்திரிகை வைக்கும்போது மண்டபத்துக் கக்கூஸ் கதவை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும். நான் இப்போது டேப்போடுதான் போகிறேன், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஏலம் இப்போது அண்ணி பேரில். போன மாசியில் ஒன்பது மரம். புதிதாக வந்த பையன் ஒருத்தன் ட்ராக்டரில் கோணி, படுதா, துரட்டியெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் கதவைப் பார்த்து நின்றான். "இத்த இன்னாத்துக்கும்மா இட்டுனு போறீங்க? வீடு கட்டப் போறமா?" என்றான்.

அண்ணி கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தது. "மொதல்ல இத்த இடுப்புல கட்டு. அப்பால சொல்றேன்."